இல்லறத்திடைக் கல்வி

கல்வி பயில்தற்குரிய பருவம் இளமையே என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருங் கருத்து. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் பழமொழியைத் தம் மக்கட்குக் கூறாத தந்தையர் மிகச் சிலரே. மூங்கிலுக்கு இப் பழமொழி பொருந்தலாம். மக்களுக்கும் பொருந்துமோ என்பது ஆராயத்தக்கது. யாம் கண்ட அளவில், ஐம்பது வயதினர் வளையாமைக்குக் காரணம் அவர்தம் அறிவு முற்றி இறுகிவிட்டமை அன்று. எப்புறமும் அசையவொட்டாது அவர்களைப் பற்றிநிற்கும் வீட்டுக் கடமைகளேயாம்.

இக் கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுதல் நலம். சில ஆண்டுகளுக்கு முன், பகலில் வேலை பார்ப்போர்க்கென நடைபெற்ற மாலை வகுப்பொன்றில் யாம் கணிதங் கற்பித்து வந்தோம். அங்குப் பயின்றோருள் முப்பத்தைந்து வயதுடைய அம்மையார் ஒருவர் இருந்தார். தையற்கூடமொன்றில் அவருக்கு வேலை, கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்திற் பாதிநாள் வெளியூரில் இருப்பவர், மக்கள் இருவர். இளமையில் நின்றுபோன பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதிவிடவேண்டும் என்பது அவ்வம்மையாரின் விருப்பம். இயற்கணிதத்தில் அவருக்கிருந்த விரைவு எமக்கு வியப்பளித்தது. துணியை அளந்து, வெட்டி, மிச்சம் பிடித்துப் பழகிய கைக்குச் சமன்பாட்டின் இருபுறமும் ஒத்திருக்கவேண்டும் என்பதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் நாள்தோறும் பத்து நிமிஷம் தாமதித்தே வருவார். "நேரத்துக்கு வரப் பழகுங்கள், அம்மா" என்று யாம் பலர் முன்னிலையில் இருமுறை கூறியதுண்டு. அவர் மறுமொழி கூறாமல் கடைசி வரிசையில் அமர்ந்துகொள்வார்.

ஆறு மாதம் சென்றபின் அவர் வருவது நின்றது. ஒருநாள், யாம் இரவல் கொடுத்திருந்த புத்தகத்தைச் செய்தித்தாளிற் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார். "கணக்கு வரவில்லை என்று நான் நிற்கவில்லை, ஐயா. மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார்கள். ஆறு மணிக்குமேல் அவர்களை விட்டுவிட்டு வர முடியவில்லை" என்றார். அதற்கு யாம், "கால அட்டவணை ஒன்று போட்டுக்கொண்டு அதன்படி நடந்தால் எல்லாம் முடியும், அம்மா" என்று அறிவுரை கூறினோம். அவர் சிறிது நகைத்தார், விடைபெற்றுச் சென்றார். அந் நகையின் பொருள் எமக்கு விளங்கச் சின்னாட்கள் ஆயின.

அட்டவணையைப் பற்றி அத்துணை உறுதியாக யாம் பேசியதற்குக் காரணம் உண்டு. எமது முப்பத்தெட்டாம் வயதில், ஆசிரியத் தொழிலை விடாமலே, அஞ்சல்வழியாகப் பயின்று மேற்பட்டம் ஒன்று பெற்றோம். விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை படிப்பு. இரவு ஒன்பது முதல் பத்தரை வரை எழுத்துவேலை. ஞாயிறு முற்பகல் முழுதும் பழைய வினாத்தாள்கள். இவ்வட்டவணையைச் சுவரில் ஒட்டி ஈராண்டு வழுவாது காத்தோம் என்று பின்னர் எம் மாணவர்க்கெல்லாம் பெருமையாகக் கூறிவந்தோம். நான்கு மணிக்கு எமக்கு முன் எழுந்து காப்பி வைத்தவர் யார், ஞாயிறு முற்பகலில் குழந்தைகளைக் கூச்சலிடாது பார்த்துக்கொண்டவர் யார் என்பது அவ்வட்டவணையில் இல்லை. எம் மனைவியார் வீணை பயின்றவர். இரவு ஒன்பது மணிக்குமேல், வீட்டுவேலை முடிந்தபின், சிறிதுநேரம் வாசிப்பது அவர்க்கு வழக்கமாயிருந்தது. அந்நேரத்தை யாம் எம் எழுத்துவேலைக்கு எடுத்துக்கொண்டோம். கேட்டு எடுத்துக்கொண்டோமா என்றால், இல்லை. பட்டம் பெற்றுச் சில மாதங்கழித்து எம் இளைய மகள் பரண்மேல் இருந்த உறையைக் காட்டி, "அம்மாவுக்கு வீணை வாசிக்கத் தெரியுமா, அப்பா?" என்று வினவினாள். அப்போதுதான் ஈராண்டாக அவ்வோசையை யாம் கேட்கவில்லை என்பது எமக்கு உறைத்தது.

ஆகவே, முதியோர் கல்வியில் முதல்வினா, "நேரம் எங்கே உள்ளது?" என்பதன்று, "அந்நேரம் யாருடையது?" என்பதேயாம். வீட்டில் ஒருவர் படிக்கும் ஒவ்வொரு நாழிகையும் மற்றொருவர் கொடுத்த நாழிகையாகவே இருக்கிறது. கொடுப்பவர் மனமுவந்து கொடுத்தாரா, அறியாமலே அவரிடமிருந்து எடுக்கப்பட்டதா என்பதில்தான் வேறுபாடு.

நிற்க. இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் எதிர்நோக்கி நின்ற ஒருவரின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம். அவர் ஸ்காட்லாந்து நாட்டில் 1780-ஆம் ஆண்டு டிசம்பரிற் பிறந்த மேரி ஸாமர்வில் அம்மையார். தந்தையார் கடற்படை அதிகாரி. பெரும்பாலும் கடலிலேயே இருப்பவர். பெண்மக்கட்குத் தையலும் சமையலும் சிறிது இசையும் போதும் என்பது அக்காலத்தார் கொள்கை. பத்து வயதளவில் ஓராண்டு மட்டும் அவர் பள்ளியொன்றில் இருந்தார். அதன்பின் முறையான பள்ளிப்படிப்பு என்பது அவருக்கு வாய்க்கவில்லை.

அவருக்குக் கணிதத்தின் வாயில் திறந்த விதம் வியக்கத்தக்கது. தேநீர் விருந்தொன்றில் தோழி ஒருத்தி பெண்டிர்க்கான மாத இதழொன்றை, அதிலிருந்த பூத்தையல் மாதிரிகளைக் காட்டுவதற்காக, அவரிடம் கொடுத்தாள். பக்கங்களைப் புரட்டுகையில் எண்களோடு எழுத்துக்கள் விரவிய கணக்கொன்று அவர் கண்ணிற் பட்டது. இஃது யாதென வினவ, இயற்கணிதம் என்பார்கள் என்ற விடையே கிடைத்தது. அதற்குமேல் சொல்வார் இலர். பின்னர் எடின்பரோ நகரில் நேஸ்மித் என்னும் ஓவியரிடம் சித்திரம் பயின்றபோது, தொலைவும் அண்மையும் தோன்றப் படம் எழுதுதற்கு யூக்ளிட் என்பாரின் வடிவகணிதத்தைக் கற்கவேண்டும் என்று அவ்வோவியர் மற்றொரு மாணவிக்குக் கூறியதைக் கேட்டார். பெண் ஒருத்தி புத்தகக்கடையிற் சென்று யூக்ளிட்டைக் கேட்பது அக்காலத்திற் கூடாதது. ஆதலின் தம் தம்பிக்குக் கற்பித்த ஆசிரியர் வாயிலாக அந்நூலைப் பெற்றார். ஒன்று தையல், மற்றொன்று சித்திரம், இரண்டும் பொழுதுபோக்குக்கள். இவ்விரண்டின் வழியாகவே கணிதம் அவரிடம் வந்துசேர்ந்தது. படிப்பவர்க்குப் பொழுதுபோக்குப் பகை என்று கூறுவோர் இதனை எண்ணிப்பார்ப்பாராக.

பகலில் அவருக்கு வீட்டுவேலை, தம் ஆடைகளைத் தாமே தைத்துக்கொள்ளுதல், பியானோ, ஓவியம். இரவில் மெழுகுவத்தி ஒளியில் யூக்ளிட். மெழுகுவத்திகள் விரைவிற் செலவாவதை வேலைக்காரர் தாயாரிடம் தெரிவிக்க, மகள் படுக்கைக்குச் சென்றவுடன் விளக்கை அகற்றிவிடும்படி கட்டளை பிறந்தது. அதற்குள் அவர் முதல் ஆறு பாகங்களைக் கற்றுவிட்டார். விளக்குப் போனபின், இருளிற் படுத்தவாறே ஒவ்வொரு தேற்றத்தையும் மனத்திற் கொணர்ந்து நிறுவிப்பார்ப்பதை இரவுதோறும் வழக்கமாக்கிக்கொண்டார்.

1804-ஆம் ஆண்டில் உறவினர் ஒருவரை மணந்து இலண்டனில் வாழ்ந்தார். அக் கணவர் மனைவியின் படிப்பைத் தடுத்தாரல்லர். பெண்டிர்க்கு அறிவாற்றல் உண்டு என்பதை அவர் நம்பவுமில்லை. தடையின்மை வேறு, துணை வேறு என்பதை எம் மாணவர் இங்கே குறித்துக்கொள்க. மூன்றாண்டிற் கணவர் இறந்தார். கைக்குழந்தை ஒன்றும் அதற்கு மூத்த மகவொன்றுமாகத் தாய்வீடு திரும்பிய அம்மையார்க்குத் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தம் பொருளும் தம் பொழுதும் தம்முடையனவாயின. குழந்தைகள் உறங்கும் நேரத்தில் திரிகோண கணிதத்தையும் வானநூலையும் கற்றார். கணிதவிதழொன்று வெளியிட்ட புதிர்க்கணக்குகட்கு விடைகளை அஞ்சலில் அனுப்பினார். வாலஸ் என்னும் கணித அறிஞர் கடிதவாயிலாக அவரைத் திருத்தி, மேலும் கற்கவேண்டிய நூல்களையும் குறித்துக்கொடுத்தார். 1811-ஆம் ஆண்டில் அவ்விதழ் அவர்க்கு வெள்ளிப்பதக்கம் ஒன்றை அளித்தது. அஞ்சல்வழிக் கல்வி என்று நாம் இன்று வழங்குவதனை, அப்பெயர் தோன்றுமுன்னரே, தமக்குத் தாமே அமைத்துக்கொண்டார் எனலாம்.

1812-ஆம் ஆண்டில் மருத்துவர் வில்லியம் ஸாமர்வில்லை மணந்தார். மணத்திற்குமுன் இம் மருத்துவரின் தங்கை ஒருத்தி, இப் பைத்தியக்காரப் படிப்பை விட்டொழித்து மதிப்புள்ள மனைவியாக நடந்துகொள்ளும்படி மணமகளுக்கே கடிதம் எழுதினாள் என்பர். மருத்துவரோ அக்கருத்தினர் அல்லர். மனைவிக்கு வேண்டிய நூல்களை நூலகங்களில் தாமே தேடிக் கொணர்வார். அவர் எழுதியவற்றைத் தம் கையாற் படியெடுத்துத் தருவார். அம்மையார் தம் மகவுகள் சிலரை இளமையிலேயே இழந்தார். எஞ்சிய பெண்மக்கட்குத் தாமே நாள்தோறும் பாடஞ் சொன்னார்.

1827-ஆம் ஆண்டில் ப்ரூம் பிரபு என்பார், பிரெஞ்சுப் பேரறிஞர் லாப்லாஸ் வான்கோள்களின் இயக்கத்தைப் பற்றி எழுதிய அரிய நூலை ஆங்கிலத்தில் விளக்கித் தருமாறு அவரை வேண்டினார். பொதுமக்களுக்கு மலிவாக அறிவுநூல்களை அளிக்கத் தோன்றிய சங்கமொன்றின் பொருட்டே அவர் கேட்டது. அம்மையார் இசைந்தார், ஆனால் செய்தி மறைவாக இருக்கவேண்டும் என்றும், எழுதியது தகுதியற்றதாயின் தீயிலிடப்படவேண்டும் என்றும் விதித்துக்கொண்டார். அந்நூலை எழுதிய நிலைமையை அவரே தம் நினைவுக்குறிப்பில் விவரித்துள்ளார். விடியலில் எழுந்து குழந்தைகட்கும் வீட்டிற்கும் வேண்டியவற்றை ஒழுங்குசெய்துவிட்டே எழுத அமர்வார். அவரது சிறிய அறையிற் கணப்பு இல்லாமையால் குளிர்காலத்தில் வரவேற்பறையிலேயே எழுதவேண்டியிருந்தது. வாயில்மணி ஒலித்தவுடன் தாள்களை மறைத்துவிடுவார். தொலைவிலிருந்து வந்த நண்பரை, வேலை இருக்கிறது என்று திருப்பியனுப்ப இயலாது. ஆடவர் அவ்வாறு சொன்னால் உலகம் ஏற்கும், பெண்டிர் சொன்னால் ஏற்காது என்று அவர் எழுதிய இடத்தில் சிறிது கசப்புத் தெரிகிறது. இத்தடைகளால் அவருக்கு ஒரு பழக்கம் கைவந்தது: எழுதிக்கொண்டிருந்த பொருளை எந்த இடத்திலும் விட்டெழுந்து, மீண்டு வந்ததும் அந்த இடத்திலிருந்தே தொடர்தல். படிக்கும் புத்தகத்தில் அடையாளம் வைப்பதற்கு அதனை அவர் ஒப்பிட்டார்.

நூல் அச்சங்கத்தின் அளவினை விஞ்சி வளர்ந்துவிடவே, 1831-ஆம் ஆண்டில் தனிநூலாக வெளிவந்தது. அப்போது அம்மையார்க்கு வயது ஐம்பது! பின்னர் அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயர்கணித மாணவர் பயிலும் நூலாயிற்று. அப் பல்கலைக்கழகம் பெண்டிர்க்கு முழுப்பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-ஆம் ஆண்டிலேயே என்பதையும் உடன் வைத்து எண்ணுக.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டி, ஸாமர்வில் அம்மையார்க்கு இயன்றது உங்களுக்கு ஏன் இயலாது என்று எவரையும் கேட்பது எம் கருத்தன்று. அவர் வீட்டில் வேலையாட்கள் இருந்தனர். அடுப்பூதுதலும் துணி துவைத்தலும் அவர் தலையில் விழவில்லை. முதற் கணவரின் பொருள் அவரைச் சின்னாள் தாங்கிற்று. இரண்டாங் கணவரின் அன்பு எஞ்சிய நாளெல்லாம் தாங்கிற்று. அத்துணையிருந்தும் அவர் தாள்களை மறைத்துவைத்தே எழுதவேண்டியிருந்தது என்றால், ஒருதுணையும் அற்ற எம் தையல் மாணவி பத்து நிமிஷம் மட்டுமே தாமதித்து வந்தது எத்துணைப் பெரிய செயல்!

இனி, நிறுவனங்கள் இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க எடுத்துக்கொண்ட முயற்சியைச் சிறிது நோக்குவோம். நம் நாட்டில் டில்லிப் பல்கலைக்கழகம் 1962-ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. பிரிட்டனில் 1969-ஆம் ஆண்டு பட்டயம் பெற்ற திறந்த பல்கலைக்கழகம், 1971-ஆம் ஆண்டு முதல் மாணவரை ஏற்று, விடியற்காலையிலும் நள்ளிரவை ஒட்டியும் வானொலி, தொலைக்காட்சி வாயிலாகப் பாடஞ் சொல்லிற்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ஆம் ஆண்டிலும் தோன்றின. இன்றோ பாடம் கைப்பேசியிலேயே வருகிறது. இவையெல்லாம் போக்குவரவுப் பொழுதை மிச்சப்படுத்தின, அது பெரும்பயனே. ஆனால் பாடத்தை வீட்டிற்குட் கொணர்ந்துவிட்டதால், வீட்டாரின் கூப்பிடு குரலுக்கு நடுவிலே அது சிக்கிக்கொண்டது. வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்றால் அழையார். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சும்மாதானே இருக்கிறாள் என்றால் அழைப்பர்.

பொழுதை உண்மையாகவே மீட்டுக்கொடுத்த முயற்சி ஒன்று நம் அருகிலேயே, புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. 1991-ஆம் ஆண்டில் ஆட்சித்தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் எழுத்தறிவித்தலோடு பெண்டிர்க்கு மிதிவண்டி ஓட்டப் பயிற்றுவித்தலையும் இணைத்துக்கொண்டது. எழுத்துக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று நகைத்தவரும் உண்டு. வயல்வேலைக்கும் கல்லுடைக்கும் வேலைக்கும் சென்ற பெண்டிர் அத்தொடர்பை உடனே அறிந்துகொண்டனர். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும், குடத்தை இடுப்பில் வைத்து நெடுந்தொலை நடக்கும் நேரமும் அவர்கட்கு மிஞ்சின. பெண்டிர்க்கென்றே செய்த வண்டியைவிட, ஆடவர் ஓட்டும் குறுக்குக்கம்பி வண்டியையே பலர் விரும்பினராம். அக்கம்பியில் இருக்கையொன்று பொருத்திக் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் அன்றோ? வேடிக்கையாக, மகிழ்ச்சிக்காகக் கற்றதொன்று நாள்தோறும் பொழுதை ஈட்டித் தந்தது. அட்டவணைகள் பல வகுத்த எமக்கு இவ்வழி தோன்றியதே இல்லை.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருட் பலர், விட்ட படிப்பைத் தொடர எண்ணியிருப்பர். அவர்கட்கு எம் பட்டறிவிற் சில கூறுவோம். வீட்டாரிடம் வாய்திறந்து கேளுங்கள்; இத்தனை மாதம், இன்னின்ன பொழுது, அதற்கு ஈடாக யான் செய்வது இது என்று கேளுங்கள். கேளாமற் பெற்ற பொழுது பின்னாளில் உறுத்தும். இருமணி நேரம் அமைதியாகக் கிடைத்தாலன்றிப் படிக்கமாட்டேன் என்போர்க்கு அவ்விருமணி கிடைப்பதே இல்லை. ஸாமர்வில் அம்மையார் போல் நடுவரியில் விட்டுத் தொடரப் பழகுதலே இல்லறத்தார்க்கு இயலும். அரிசி களையும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் மனத்துள் ஒரு கணக்கை உருட்டிக்கொண்டிருக்கலாம். முன்னரே கையிலுள்ள இசையையோ தோட்டத்தையோ பூத்தையலையோ தேர்வு முடியும்வரை மூட்டைகட்டி வைக்கவேண்டா. களைத்த மூளைக்கு இளைப்பாறுமிடம் அதுவே. ஒருமுறை பரணேறினால் அது எளிதில் இறங்குவதில்லை.

எம் வீட்டு வீணை இறங்கிவிட்டது. மாலை ஆறு முதல் ஏழரை வரை அடுப்படி எம் பொறுப்பு. எம் சாம்பாரைப் பற்றி வீட்டார் கூறுவதை இங்கு எழுதவேண்டுவதில்லை.

மாலை வகுப்பைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். யாம் வேண்டிக்கொண்டதன்மேல் அவ்வகுப்பு இப்போது ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு நடைபெறுகிறது. அடுத்த அறையில் பாய் விரித்துக் குழந்தைகட்கு இடம் செய்திருக்கிறோம். இளமாணவர் இருவர் முறைவைத்து அவர்களைப் பார்த்துக்கொள்கின்றனர். நின்றுபோனவர்களுள் நால்வர் திரும்பி வந்துள்ளனர். தாமதித்து வருவோரை யாரும் ஒன்றுங் கூறுவதில்லை. அத் தையல் அம்மையார்க்கும் செய்தி அனுப்பினோம். மாமியார் இன்னும் எழுந்து நடக்கவில்லை என்றும், பெரிய பெண்ணுக்குத் தேர்வு முடிந்தபின் பார்க்கலாம் என்றும் விடை வந்தது. அவர் திருப்பிக் கொடுத்த புத்தகம் எம் மேசைமேல் இருக்கிறது. பொதிந்திருந்த தாளைப் பிரித்தபோது, இருபடிச் சமன்பாடு தொடங்கும் பக்கத்தில் பச்சைத் தையலிழை ஒன்று அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. அதனை யாம் எடுக்கவில்லை.